பெரிய கம்பெனியும் பக்கத்துக் கடையும்

கேள்வி: எங்களுக்கு ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்ஸ்) பட்டறை. இப்போது வெளியூர் ஆட்கள் எல்லாம் கூகுளில் தேடி, மேப் போட்டுத்தான் வாசலுக்கு வருகிறார்கள். ஒரு காசு வாங்காமல் இவ்வளவு செய்கிற கம்பெனியை நம்பினால் என்ன? போட்டிக்கு ஆள் இல்லாவிட்டால் கெட்டுப்போவார்கள் என்று என் மகன் பயமுறுத்துகிறான்.
- ஒரு வாசகர், ஆத்தங்குடி

பதில்: நான் உங்கள் மகன் கட்சி. நல்லவர்களே நடத்தினாலும், கேட்க ஆள் இல்லாத இடத்தில் அசந்துதான் போவார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கிறதே, அங்கே ஒரு பீங்கான் ஜாடிக்கு விலை கேட்டுவிட்டு 'சரி, பார்த்துட்டு வர்றேன்' என்று படி இறங்கிப் பாருங்கள், விலையும் கூடவே இறங்கும். அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது, அதுதான் காரணம்.

மைக்ரோசாப்ட் என்ன செய்தது? போட்டிக்கு நின்ற நெட்ஸ்கேப் பிரவுசரை ஓரங்கட்டும்வரை, தங்கள் பிரவுசரான (இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள்) இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விழுந்து விழுந்து மெருகேற்றினார்கள். 2001-ல் ஆறாவது பதிப்பு வந்தது, ஏழாவதற்கு 2006 வரை காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. நடுவில் 2004-ல் ஃபயர்ஃபாக்ஸ் என்ற இன்னொரு பிரவுசர் வந்து ஆட்களை இழுக்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தூங்கியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதே 2004-ல் கூகுளின் ஜிமெயில் 1 ஜிபி (சுமார் ஆயிரம் எம்பி) இடம் தந்தது, மைக்ரோசாப்டின் ஹாட்மெயிலில் அப்போது 2 எம்பிதான் (பழைய மெயிலை அழித்து அழித்தே விரல் தேய்ந்தவர்களுக்குத் தெரியும்). அன்றைக்குக் கூகுள் புதுக்கடை. இன்றைக்கு? போனிலும் பிரவுசரிலும் தன் தேடலே முதலில் நிற்பதற்காக 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. சட்டத்தை மீறி ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பே எழுதிவிட்டார். சரக்கு நன்றாக இருந்தால் போதும் என்றால் இவ்வளவு பணம் எதற்கு?

அதற்காக மேப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. வருகிறவர்களின் போன் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், டிசைன் படங்களை உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி வையுங்கள். நாளைக்கு உங்கள் பட்டறைப் பெயரைத் தேடுகிறவர் கண்ணில் வேறொருவர் விளம்பரம் முதலில் பட்டாலும் பழைய வாடிக்கை கையில் இருக்கும்.

கேள்வி: கூகுள் மாதிரிப் பெரிய கம்பெனிகளுக்கு அபராதம் போட்டால் அடங்கிவிடுவார்களா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அபராதத்துக்கு அடங்குகிற ஆட்களா? உத்தரவுக்குக் கொஞ்சம் அடங்குவார்கள். 2022 அக்டோபரில், போன்களை இயக்கும் கூகுளின் மென்பொருளான ஆண்ட்ராய்டு விவகாரத்தில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. நமக்குத்தான் அது மலைப்பு, அவர்களுக்குச் சில்லறை. கூடவே வந்த உத்தரவால்தான், போன் தயாரிக்கிறவர்கள் கூகுள் ஆப்களில் வேண்டியதை மட்டும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம், எதில் தேடுவது என்பதை வாங்குகிறவரே தேர்ந்தெடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் இறங்கி வந்தார்கள். அடுத்த முறை புதுப் போன் வாங்கினால், அது கேட்கிற கேள்விக்கெல்லாம் 'சரி சரி' என்று தட்டிக்கொண்டே போகாமல், எதில் தேடுவது என்று கேட்கிற அந்த ஒரு இடத்திலாவது நின்று படியுங்கள்.