கொலுசுக்கு முன்பணம் தருகிறேன் என்பவர் கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்கிறார். செய்யலாமா?

செய்யவே செய்யாதீர்கள். ஸ்கேன் செய்ததும் யுபிஐ பின் எண்ணைக் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்றுதான் அர்த்தம். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். கடையின் யுபிஐ ஐடியை மட்டும் கொடுங்கள். அதற்கு அனுப்பாமல் சாக்குச் சொல்கிறவர் கொலுசு வாங்க வந்தவரே இல்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "500க்குப் பதில் 5,000 போட்டுட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க" என்று போன் வரும். கூடவே பணம் வரவானதாக ஒரு எஸ்எம்எஸ். அது 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்திருந்தால் போலி. எப்படி வந்திருந்தாலும், வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பார்க்காமல் பணத்தைத் திருப்பாதீர்கள், பார்சலும் கட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் கணக்கில் சேராது.

"டிசைன் படங்கள்" என்று வரும் ஃபைலின் பெயர் ஏபிகே (.apk) என்று முடிந்தால், அது படமல்ல, ஆப். அதை நிறுவி எஸ்எம்எஸ் அனுமதியும் கொடுத்துவிட்டால் உங்கள் ஓடிபி அவர்கள் கைக்குப் போய்விடும்.

பணம் போய்விட்டதா? கூச்சப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். அந்தப் பணப் பரிமாற்றத்துக்கான 12 இலக்க யுடிஆர் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் பணத்தை முடக்க முடியும்.