புண் எந்த இடத்தில் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற 7 வயதுத் தரோபிரெட் இனப் பெட்டைக் குதிரை, சென்னையில் வைத்திருக்கிறேன். அரை மணி நேரச் சவாரிக்கே முழங்கைக்குப் பின்னால் தோல் சிவந்து மயிர் கொட்டுகிறது. சேணத்தின் நியோப்ரீன் வயிற்றுப்பட்டைக்குச் செயற்கைக் கம்பளி உறை போட்டும் பயனில்லை. வேறு எந்தப் பட்டை வாங்கலாம்?

பதில்: அந்த உறையை முதலில் கழற்றிவிடுங்கள். நியோப்ரீன் ஒருவகை ரப்பர், வியர்வையை உறிஞ்சாது. அதற்கு மேல் செயற்கைக் கம்பளியும் சேர்ந்தால், சென்னைப் புழுக்கத்தில் தோல் வெந்துபோகும். தரோபிரெட்டுக்கு இயல்பிலேயே தோல் மெல்லியது.

மெத்தென்ற பட்டையைத் தேடுவதற்கு முன் புண் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். பக்கிளுக்கு அடியில் மட்டும் என்றால் பட்டையின் நீளம் சரியில்லை. பட்டை படும் இடமெல்லாம் பொரிப்பொரியாக இருந்தால் ஒவ்வாமையோ, சரியாக அலசாத சோப்போ, பூஞ்சையோ காரணமாகலாம். பூஞ்சை என்றால் மற்றக் குதிரைகளுக்கும் ஒட்டும், உங்களுக்கும் ஒட்டும். நீங்கள் சொல்வதோ முழங்கைக்கு நேர் பின்னால். நேராக வெட்டிய பட்டையின் முன்விளிம்பு, கால் பின்னால் வரும் ஒவ்வொரு முறையும் அங்கே உரசுகிறது. எவ்வளவு மெத்தை வைத்தாலும் விளிம்பு விளிம்புதான்.

ஆகவே முழங்கைப் பக்கம் உள்வாங்கி வளைந்த தோல்பட்டையாகப் பாருங்கள். உள்பக்கம் கழற்றித் துவைக்கும்படியான அசல் செம்மறித்தோல் உறை இருந்தால் நல்லது. உறை இரண்டு வேண்டும். மழைக்காலத்தில் ஒன்று காய்வதற்குள் பொறுமை போய்விடும். வெயிலில் போடாதீர்கள், விறைத்துவிடும். எலாஸ்டிக் இருந்தால் இரு முனையிலும் இருக்கட்டும். ஆனால் எலாஸ்டிக் பட்டையைத் தெரியாமலே அதிகம் இறுக்கிவிடுவோம். கை பழகும் வரை கவனம் தேவை.

கட்டும் விதத்திலும் பாதி விஷயம் இருக்கிறது. ஒரேயடியாக இறுக்காமல் ஒவ்வொரு துளையாக ஏற்றுங்கள். பிறகு முன்னங்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மெல்ல முன்னால் இழுங்கள்; பட்டைக்கு அடியில் மடிந்து மாட்டியிருந்த தோல் நழுவி வெளியே வருவது கண்ணுக்கே தெரியும். பத்து நிமிடம் நடத்திவிட்டு மறுபடி சரிபாருங்கள். தளர்ந்த பட்டையும் உரசும்.

சவாரி முடிந்ததும் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். காய்ந்த வியர்வை மயிரில் வெள்ளையாகப் படிந்திருக்க, மறுநாள் அதன்மேலேயே பட்டையைக் கட்டுவது உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். லாயங்களில் தினமும் பார்க்கிறேன், சொல்லி அலுத்துவிட்டது.

இப்போதுள்ள புண் முழுக்க ஆறும்வரை சேணம் வேண்டாம். கயிற்றில் பிடித்து நடத்துங்கள். ஆறிய பிறகும், பட்டையே இல்லாமல் வெறும் கையை வைத்தாலே காதை மடக்கிக் கடிக்க வருகிறதா? அப்படியானால் இரைப்பைப் புண் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பந்தயத்திலிருந்து வந்த குதிரைகளுக்கு அது சகஜம்.