சன்ஷேடு விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு?

கேள்வி: கீழக்கரையில் எங்களுக்கு ஆறு வீடுகள் உள்ள மாடிக் கட்டடம் இருக்கிறது, எல்லாம் வாடகைக்கு. நான் துபாயில் இருக்கிறேன். போன மழையில் தெருப்பக்கச் சன்ஷேடில் காரை பெயர்ந்து விழுந்தது. கட்டடத்துக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி உண்டு. யாருக்காவது அடிபட்டிருந்தால் அதில் பணம் கிடைத்திருக்குமா?

பதில்: கிடைத்திருக்காது. தீ, புயல், வெள்ளத்தால் உங்கள் கட்டடத்துக்கு வரும் சேதத்துக்குத்தான் அந்தப் பாலிசி. தெருவில் போனவருக்கு நீங்கள் தரவேண்டிய நஷ்டஈடு அதில் வராது. ஊரில் இல்லை என்பதும் எடுபடாது. டெல்லி சாந்தினி சவுக் மணிக்கூண்டு இடிந்த வழக்கில், பொதுவழியை ஒட்டிய கட்டடத்தின் குறை கண்ணுக்குத் தெரியாததாக இருந்தாலும் உரிமையாளரே பொறுப்பு என்று 1966-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பாலிசிக்கு முன் கட்டடத்தைப் பாருங்கள். கடல் காற்றில் துருவேறும் கம்பி பருத்து, கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. மேலே சிமென்ட் பூசி மறைத்தால் உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, கடலோரத்தில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் கேட்கிறது, மூன்று அங்குலச் சன்ஷேடில் அதற்கு இடமே இல்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்து சன்ஷேடு, பால்கனி, தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தை உடைத்து, கம்பியின் துருவை முழுக்கத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்தே ஆகவேண்டும். அன்றைக்கே சம்ப் மூடிக்குப் பூட்டு, மாடிப்படி விளக்கு, மோட்டாருக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

பிறகு, வெளியாருக்கு அடிபட்டால் நீங்கள் தரவேண்டிய நஷ்டஈட்டுக்கான பப்ளிக் லயபிலிட்டி பாலிசியை, தொழிற்சாலை அல்லாத வகையில் எடுங்கள். இதே பெயரில் உள்ள 1991-ஆம் ஆண்டு பப்ளிக் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் சட்டத்தின்படியான பாலிசி அபாயகரமான ரசாயனம் கையாள்பவர்களுக்கானது. ஏஜென்ட் அதை நீட்டினால் வாங்காதீர்கள். ஒரு விபத்துக்கு 25 லட்சம், ஆண்டுக்கு 50 லட்சம் என்று தொடங்கலாம். லிப்ட் இருந்தால் கேட்டுச் சேர்க்க வேண்டும். வாட்ச்மேன், பெயின்டருக்கு அடிபட்டால் இதில் வராது. அதற்குத் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி தனி. விண்ணப்பத்தில் காரை விழுந்ததை எழுதிவிடுங்கள்; மறைத்தால் க்ளைமை மறுக்க அதுவே காரணமாகும். இந்த வகைப் பாலிசிகள் பெரும்பாலும் க்ளைம் வரும் நாளில் நடப்பில் இருக்கவேண்டும். ஒரு மாதம் புதுப்பிக்காமல் விட்டாலும் பழைய விபத்துக்கான பாதுகாப்பு போய்விடலாம்.

இன்ஜினியர் அறிக்கை, பில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒரே ஃபைலில் வையுங்கள். நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால், விரிசலைக் கண்டால் வாடகைதாரர் ஊரில் உள்ள உங்கள் உறவினர் யாரிடம் சொல்லவேண்டும் என்பதை வாடகை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அந்த உறவினர் உங்களைக் கேட்காமலே 10,000 ரூபாய் வரை செலவு செய்து சரிசெய்ய அதிகாரமும் கொடுத்துவிடுங்கள்.