ஷ்னைடர் என்றால் என்ன ஜாதி?

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் படித்து முடித்து அங்கேயே வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் ஜெர்மன் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறாள். பெயர் லூக்காஸ் ஷ்னைடர். எனக்கும் என் கணவருக்கும் பெரிய மறுப்பு இல்லை. என் அண்ணன்தான் இணையத்தில் தேடிவிட்டு, "ஷ்னைடர் என்றால் தையல்காரன். அது அந்த ஊர் ஜாதிப் பெயர். மேலா கீழா என்று தெரியாமல் எப்படிப் பெண் கொடுப்பது?" என்கிறார். முன்பெயரைப் பார்த்தால் தீவிரமான கிறிஸ்தவக் குடும்பமோ என்றும் யோசனையாக இருக்கிறது. ஜனவரியில் பையன் எங்கள் வீட்டுக்கு வருகிறான். கல்யாணத்துக்குப் பிறகு மகளின் பெயர் என்ன ஆகும் என்பதும் தெரியவில்லை. - ஈரோடு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஜெர்மனியில் லூக்காஸுக்கும் பஞ்சமில்லை, ஷ்னைடருக்கும் பஞ்சமில்லை என்பதால் பையன் பெயரை அப்படியே போட்டிருக்கிறேன். உங்கள் கணவர் பெயரை மட்டும் முருகேசன் என்று மாற்றிவிட்டேன். ஏன் என்பது கடைசியில் புரியும்.

உங்கள் அண்ணனுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். ஷ்னைடர் என்றால் தையல்காரர்தான். இன்னும் நுணுக்கமாகச் சொன்னால், 'ஷ்னைடன்' என்பது ஜெர்மன் மொழியில் வெட்டுவது, அதனால் 'வெட்டுகிறவர்'. ஆங்கில டெய்லரும் வெட்டுவதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தவர். ஹங்கேரியில் சபோ என்ற பெயர் வெகு சாதாரணம், அதற்கும் இதே பொருள். மூன்று மொழிக்காரர்களும் ஊசியை விட்டுவிட்டுக் கத்தரியைப் பிடித்திருக்கிறார்கள். ரவிக்கை தைக்கக் கொடுத்துப் பழகியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டு கோணினால் துணி போச்சு.

அண்ணன் சறுக்குவது அடுத்த அடியில்.

ஆயிரம் வருடங்களுக்கு முன்பு அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரே பெயர்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டு தொடங்கி, கொலோன் மாதிரியான நகரங்கள் பெருத்தபோது சிக்கல் வந்தது. ஒரே தெருவில் நான்கு ஹான்ஸ். யார் வரி கட்டினார், யார் வீட்டை விற்றார் என்று எழுதுகிற கணக்கர் என்ன செய்வார்? நம் ஊரில் டீக்கடை மணி, நெட்டை மணி, மேட்டுவீட்டு மணி என்று சொல்கிறோமே, அதையே அவரும் எழுதினார். தையல்கார ஹான்ஸ் ஷ்னைடர் ஆனார். குள்ள ஹான்ஸ் க்ளைன். ஓடைக்கரை ஹான்ஸ் பாஹ். பீட்டர் மகன் ஹான்ஸ் பீட்டர்ஸ். பேரேட்டில் ஏறிய பட்டப்பெயர் மெல்ல மெல்ல மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. மகன் ரொட்டி சுட்டுப் பிழைத்தாலும் அவர் ஷ்னைடர்தான். ஆறரை அடி உயரத்தில் க்ளைன்கள் இன்றும் ஜெர்மனியில் நடமாடுகிறார்கள், யாரும் சிரிப்பதில்லை.

இன்று ஜெர்மனியில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் முல்லர். மாவு ஆலைக்காரர். அடுத்தது ஷ்மிட், கொல்லர். மூன்றாவது உங்கள் ஷ்னைடர். அதற்குப் பின்னால் மீனவரான ஃபிஷரும் நெசவாளரான வெபரும் வருகிறார்கள். ஷுல்ட்ஸ என்பது ஏறக்குறைய உங்கள் கொங்கு நாட்டு மணியகாரர்.

பெயரும் தொழிலும் எவ்வளவு சீக்கிரம் பிரிந்துபோகும் என்பதற்கு அண்ணனிடம் ஒரு குடும்பத்தைக் காட்டுங்கள். ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லரை அவருக்குத் தெரிந்திருக்கும். பெயரில் மாவு அரைப்பவர், வேலையில் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர். அவருடைய அப்பா வில்ஹெல்ம் முல்லர் கவிஞர். அந்தக் கவிஞருடைய அப்பா டெஸ்ஸாவ் என்ற ஊரில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? தையல் வேலை! முல்லர் என்ற பெயரில் ஒரு தையல்காரர், அவர் மகன் கவிஞர், பேரன் வேதம் படித்தவர். ஜாதிப் பெயராக இருந்தால் இந்தக் கணக்கு எங்கே போய் ஒட்டும்?

இன்னொன்று. கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கரின் பெயருக்குப் பொருள் செருப்புத் தைப்பவர். அவர் 2000 முதல் 2004 வரை வரிசையாக ஐந்து உலகப் பட்டங்களை ஃபெராரி காரில் வென்றார். ஃபெராரி என்ற இத்தாலியப் பெயருக்கு வேர் இரும்படிக்கும் கொல்லர். நம் ஊரில் இந்த இரண்டு தொழிலையும் எப்படி வைத்திருக்கிறோம் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஷூமாக்கரை ஜெர்மனி தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அந்தப் பெயரை யாரும் ஒளித்து வைத்ததாகவோ, அதற்காக யாரும் முகம் சுளித்ததாகவோ கேள்விப்படவில்லை.

அதற்காக அங்கே மேல் கீழே இருந்ததில்லை என்று நான் சொன்னால் அது பொய். தலைவெட்டி (மரண தண்டனையை நிறைவேற்றுபவர்), செத்த மாட்டின் தோலை உரிப்பவர், பல ஊர்களில் மாவு ஆலைக்காரர், லினன் நெசவாளர் ஆகியோரை 'மானமற்ற தொழில்காரர்' என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளைக் கைவினைச் சங்கங்களில் சேர்க்க மாட்டார்கள். தலைவெட்டிக் குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. 1731-ல் பேரரசு முழுவதற்கும் சட்டம் போட்டு அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டியிருந்தது. அதிலும் தோல் உரிப்பவரை விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தத் தீட்டு ஒட்டியிருந்தது தொழிலில். தொழிலை விட்டுச் சில தலைமுறை போனால் கரைந்தது. அன்று ஒதுக்கப்பட்ட ஆலைக்காரரின் பெயர்தான் இன்று நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கிறது.

பெயரை வைத்துப் பிறப்பைப் பிரிக்கிற காரியத்தை அந்த நாடு ஒருமுறை அரசாணையாகவே செய்தது. 1938-ல் ஹிட்லர் அரசு யூதர்களுக்கான முன்பெயர்கள் இவை என்று ஒரு பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் இல்லாத முன்பெயர் கொண்ட யூத ஆண்கள் எல்லோரும் பெயரோடு 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் 'சாரா' என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும், 1939 ஜனவரி 1 முதல். அடையாள அட்டையை எடுத்து நீட்டினாலே பிறப்பு தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். அந்த நாட்டுப் பிள்ளைகள் இதைப் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்கிறார்கள். அதனால் ஜனவரியில் சாப்பாட்டு மேசையில் உங்கள் அண்ணன் "உங்கள் பெயர் எந்த வகையறா?" என்று ஆரம்பித்தால், பையனுக்குச் சோறு இறங்காது. அண்ணனை முன்கூட்டியே தனியாக உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். பெயருக்குப் பின்னாலிருந்த ஜாதி வாலை 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலிருந்தே வெட்டத் தொடங்கிய ஊர்க்காரர்கள் நாம். விருந்தாளியின் பெயரில் போய் வாலைத் தேடுவது நமக்கே அழகில்லை என்று சொல்லிப் பாருங்கள்.

லூக்காஸ் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. பைபிளில் வரும் பெயர்தான், ஆனால் அதன் வேர் 'லூக்கானியா பகுதிக்காரர்' என்கிறார்கள். தென் இத்தாலியில் இருக்கிறது லூக்கானியா. நம் வீட்டுச் சரவணன் கோயிலுக்குப் போவானா என்பதைப் பெயரை வைத்துச் சொல்ல முடியுமா? அதுபோலத்தான். சர்ச்சில் பதிவு செய்தவர்களிடம் வருமான வரியோடு சேர்த்து சர்ச் வரியையும் ஜெர்மனியில் பிடிப்பார்கள். மியூனிக் இருக்கும் பவேரியாவில் அது வருமான வரித் தொகையில் 8 சதவீதம். மதம் முன்பெயரில் தெரியாது, சம்பளச் சீட்டில் தெரியும்! நான் சொன்னேன் என்று சீட்டைக் கேட்டுவிடாதீர்கள். மகளிடம் கேட்டால் போதும்.

அப்புறம், நீங்கள் கடைசியில் ஒரு வரியில் கேட்டதுதான் நிஜமான வேலை உள்ள கேள்வி. மகளின் பெயர்.

அவள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே அவளை எல்லோரும் 'ஃப்ராவ் முருகேசன்' (ஃப்ராவ் என்பது பெண்களுக்கான மரியாதைச் சொல்) என்று கூப்பிடுகிறார்கள், அவளுக்குச் சிரிப்பு வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் வந்தது. ஆனால் இதே கூத்து ஜெர்மனியிலேயே நடந்திருக்கிறது. வடகடல் ஓரம் கிழக்கு ஃப்ரீஸ்லாந்து என்று ஒரு பகுதி. அங்கே வெகுகாலம் நம் இனிஷியல் மாதிரிதான் பழக்கம். யான் என்பவரின் பிள்ளைக்கு யான்சன், அந்தப் பிள்ளையின் பிள்ளைக்கு வேறு. நெப்போலியன் ஆட்சி 1811-ல் எல்லோரும் நிலையான ஒரு பெயரை எடுத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. அப்படி உறைந்துபோன அப்பாக்கள் பலர். எந்த யான் என்று யாருக்கும் தெரியாது, யான்சன்கள் மட்டும் இருக்கிறார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள்தான் இன்னும் விடாப்பிடியாக அப்பா பெயர் முறையிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய டெலிபோன் புத்தகமே முன்பெயர் வரிசையில்தான் அச்சாகி வந்தது.

கல்யாணமானால் மகள் ஷ்னைடர் ஆகியே தீர வேண்டும் என்று ஜெர்மன் சட்டத்தில் இல்லை. தம்பதிக்குள் ஒத்துப்போகாவிட்டால் கணவர் பெயர்தான் என்றிருந்த விதியை 1991-ல் அவர்கள் அரசியலமைப்பு நீதிமன்றம் தள்ளிவிட்டது. அவரவர் பெயரோடு இருக்கலாம். ஒருவர் பெயரை இருவரும் வைத்துக்கொள்ளலாம். 2025 மே 1 முதல் இரண்டையும் சேர்த்து இருவருமே இரட்டைப் பெயராக வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. மகளுக்கு இந்திய பாஸ்போர்ட் என்பதால், பெயர் எந்த நாட்டுச் சட்டப்படி அமையும், பாஸ்போர்ட்டில் என்ன மாற்ற வேண்டும் என்பதை அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்திலும் நம் தூதரகத்திலும் கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன பெயர் என்பதையும் சேர்த்தே கேட்கட்டும்.

ஒரு பெயரை இருவரும் வைத்துக்கொள்ளலாம் என்றேன் அல்லவா, அது பெண்ணின் பெயராகவும் இருக்கலாம். வெஸ்ட்ஃபாலியா பக்கம் பழைய நாளில், பண்ணைக்கு வாரிசான பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவர் தன் பெயரை விட்டுவிட்டு அந்தப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வார். நம் பாஷையில் வீட்டோடு மாப்பிள்ளை. ஆக, பையன் மனம் வைத்தால் தையல்காரர் பெயரை இறக்கி வைத்துவிட்டு லூக்காஸ் முருகேசன் ஆகலாம். இன்னும் நூறு வருடம் கழித்து மியூனிக்கில் யாராவது ஒருவர், முருகேசன் என்றால் என்ன தொழில் என்று தேடிக்கொண்டிருக்கலாம்.

உங்கள் கணவரிடம் இதை இப்போதே சொல்லிவிடாதீர்கள். பையன் முதலில் வந்து சாப்பிட்டுப் போகட்டும்.