ஒன்றே முக்கால் லட்சத்துக்கு டேட்டா சயின்ஸ் வேண்டாம்

மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ, வயது 26. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் நாலு வருட வேலை. ஐடிக்கு மாற நினைக்கிறான். பெங்களூரில் இருக்கும் மைத்துனர், டேட்டா சயின்ஸ் சான்றிதழ் படிப்பில் சேர்க்கச் சொல்கிறார். 1,75,000 ரூபாய், தவணையில் கட்டலாம், சான்றிதழ் கையில் இருந்தால் வேலை உறுதியாம். "சேர்க்கலாமா?" என்று கேட்கிறார் தர்மபுரியிலிருந்து ஒரு தந்தை.

26 ஒன்றும் கைமீறிப்போன வயதில்லை ஐயா, அந்தக் கவலையை விடுங்கள். ஆனால் இந்தப் படிப்பில் சேர்க்காதீர்கள்.

முதலில் பணம். 'வட்டியில்லாத் தவணை' என்பது பெரும்பாலும் நிதி நிறுவனம் ஒன்றில் உங்கள் மகன் பெயரில் எடுக்கப்படும் கடன். பயிற்சி மையத்துக்குப் பணம் போய்விடும். இரண்டாம் மாதமே அவன் நின்றுவிட்டாலும் தவணை நிற்காது. கட்டாமல் விட்டால் சிபில் மதிப்பெண் விழும். '100% பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்' என்று விளம்பரத்தில் இருக்கும். அதில் கடைசி வார்த்தையை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள்.

சான்றிதழால் பயனே இல்லையா? இருக்கிறது, சின்னப் பயன்: வேறு துறையில் இருந்தவனின் பயோடேட்டா முதல் வடிகட்டலில் தப்பும். அமேசானின் கிளவுட் (இணையவழி வாடகைச் சர்வர்) சேவைக்கான தொடக்கநிலைத் தேர்வான கிளவுட் பிராக்டிஷனர் 100 டாலர், 65 கேள்வி, 90 நிமிடம், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பது. இப்படிப்பட்ட தேர்வுகளுக்கு 'டம்ப்' என்று பழைய கேள்விகளை விற்கிறார்கள். மனப்பாடம் செய்து தேறிவிடலாம். நேர்முகத்தில், "டிஸ்க் நிரம்பிவிட்டது என்கிறது சர்வர், கோப்புகளைக் கூட்டினால் பாதிகூட இல்லை, ஏன்?" என்று கேட்டால் வாய் திறக்காது. (அழித்த கோப்பை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்தே வைத்திருக்கும்; அதை ரீஸ்டார்ட் செய்தால்தான் இடம் விடுபடும்.)

நீங்கள் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: பழைய மடிக்கணினியில் அவனே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு வைத்திருக்கிறான் என்று. பிரேக்டவுன் வந்தால் காரணம் தேடுவது, ஷிப்ட் மாறும்போது குறிப்பு எழுதி ஒப்படைப்பது, இதையெல்லாம் நாலு வருடமாகச் செய்பவன். லினக்ஸ் அட்மின் வேலையும், அதாவது லினக்ஸில் ஓடும் சர்வர்களைக் கவனிப்பதும், அதே பராமரிப்புதான், இயந்திரம்தான் வேறு. மைத்துனர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்; கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ள 'டேட்டா சயின்ஸ்' அளவுக்குக் கம்பீரமாக இருக்காது.

இதற்கான தேர்வு, லினக்ஸ் நிறுவனமான ரெட்ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ, எண் இஎக்ஸ்200. கேள்விக்கு டிக் அடிப்பது கிடையாது. ஓடுகிற கணினியைக் கொடுத்து, இதைச் செய் என்பார்கள். 300க்கு 210 வேண்டும். இணையம் கிடையாது, கணினிக்குள்ளேயே இருக்கும் மேன் பக்கங்களை (கட்டளைகளின் கையேடு) பார்க்கலாம். சான்றிதழ் 3 வருடம் செல்லும்.

வீட்டிலேயே பழகலாம். 8 ஜிபி ரேம் போதும். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் இரண்டு மெய்நிகர் கணினிகள் (கணினிக்குள் ஓடும் கணினி), ஒவ்வொன்றுக்கும் 2 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க். பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிப்பது) பழக 5 ஜிபியில் கூடுதலாக ஒரு டிஸ்க். பயாஸில் (கணினி கிளம்பும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) விர்ச்சுவலைசேஷனை முதலில் ஆன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கிளம்பாது. ரெட்ஹேட் லினக்ஸைப் போலவே இயங்கும் ராக்கி லினக்ஸ் இலவசம். ரெட்ஹேட்டின் டெவலப்பர் சந்தாவும் இலவசம்தான். எந்தப் பதிப்பில் தேர்வோ அதிலேயே பழகட்டும். 10ஆம் பதிப்பு என்றால் பழைய பிராசஸரில் ஏறாது. இன்டெல் கோர் நான்காம் தலைமுறையாவது வேண்டும்.

இந்தத் தேர்வில் பெரும்பாலும் தோற்பது அறிவில்லாமல் அல்ல, ரீபூட்டில். எல்லாம் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கிறதா என்று பார்த்துத்தான் மதிப்பெண். சர்வீஸை (பின்னணியில் ஓடும் புரோகிராம்) ஸ்டார்ட் செய்துவிட்டு, ரீபூட்டிலும் தானே கிளம்பும்படி இனேபிள் செய்ய மறப்பது, ஃபயர்வால் விதியைப் பெர்மனன்ட் ஆக்காமல் விடுவது, இவை தினசரித் தவறுகள். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஓர் எழுத்து பிசகினால் கணினி எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். ரீபூட் செய்யும் முன் 'மவுன்ட் -ஏ' கட்டளை கொடுத்துப் பார்த்தால் பிழை அங்கேயே தெரிந்துவிடும். வெப் சர்வரை 82ஆம் போர்ட்டுக்கு மாற்றினால் கிளம்பாமல் அடம்பிடிக்கும்; பலர், அதைத் தடுக்கும் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பையே அணைத்துவிடுவார்கள். அந்தப் போர்ட்டுக்கு லேபிள் கொடுப்பதுதான் சரி. ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டை மீட்ட பிறகு, கோப்புகளின் எஸ்இலினக்ஸ் லேபிளைச் சரிசெய்யச் சொல்லும் ஆட்டோரீலேபிள் கோப்பை உருவாக்க மறந்தால் புதுப் பாஸ்வேர்டும் ஏறாது.

தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் ஆறு மாதம். அதுவரை ஓசூர் வேலையை விடக்கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை. முதலில் கிடைப்பது எல்1 (முதல்நிலை) சப்போர்ட்டாகத்தான் இருக்கும்: இரவு ஷிப்ட், டிக்கெட் (பதிவாகும் புகார்கள்), இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவாகக்கூட வரலாம். நாலு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு மாறட்டும். பயோடேட்டாவில் பராமரிப்பு அனுபவத்தை மறைக்க வேண்டாம்; ஷிப்டுக்குப் பழகியவன் என்பது அங்கே தகுதி.

அவனுக்கே இது பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெய்நிகர் கணினியின் எஃப்எஸ்டேப்பில் வேண்டுமென்றே ஒரு வரியைக் கெடுத்துவிட்டு, ரீபூட் செய்து, மீட்கச் சொல்லுங்கள். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வராவிட்டால் கட்டுங்கள். அரை மணியில் மூடி வைத்துவிட்டால் கட்டாதீர்கள். அதுவரை நிதி நிறுவனத்திலிருந்து ஓடிபி கேட்டு அழைப்பு வந்தால் சொல்ல வேண்டாம், மைத்துனரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும்.