தெற்குப் பெருங்கடல் தீவுகளுக்குக் கப்பலில் போய்ப் பெங்குவின்களையும் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையையும் பார்ப்பது, கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?

தகும். ஆனால் டிசம்பரில் வேண்டாம், பெரிய கப்பலிலும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் ஒத்துவராது என்றால் பணத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள்.

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: இரண்டு பேருக்கு 30 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அப்பாவுக்கு 68 வயது, பறவை என்றால் அவருக்கு உயிர். பள்ளி விடுமுறை என்பதால் டிசம்பர் வசதி. நேராக அண்டார்டிகாவா, வழியில் இருக்கும் தீவுகளா என்று தெரியவில்லை.

நான் ராயபுரத்துக்காரன். சரக்குக் கப்பலில் தொடங்கி, பிறகு இந்த மாதிரிப் பயணிகளை ஏற்றிச் செல்லும் சிறிய கப்பலில் டெக் மாலுமியாக இருந்தவன். டிக்கெட் வாங்கிப் போனவர் என்ன நினைப்பார் என்று என்னைக் கேட்டால் பாதிதான் தெரியும். அவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ரப்பர்ப் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். ஒன்று மட்டும் நிச்சயம், எனக்கு இதை உங்களிடம் விற்க வேண்டிய தேவை இல்லை.

வரைபடத்தில் தீவுகள் நிறையத் தெரியும். போகக்கூடியவை கொஞ்சம்தான். தென்னாப்பிரிக்காவின் மேரியன் தீவில் ஆராய்ச்சியாளர்களுக்குத்தான் இடம். ஆஸ்திரேலியாவின் ஹெர்ட் தீவுக்குக் கப்பல் போவதே அபூர்வம். பிரான்ஸின் கெர்கெலென், குரோசே தீவுகளுக்கு ரியூனியனிலிருந்து ‘மரியோன் டுஃப்ரேன்’ என்ற கப்பல் சாமான் ஏற்றிக்கொண்டு போகிறது. அதில் சில பயணிகளுக்கு இடம் கொடுப்பார்கள், அவ்வளவே. ஆக உங்களுக்கு மிஞ்சுவது இரண்டு வழிகள். ஒன்று, அர்ஜென்டினாவின் உசுவாயாவிலிருந்து ஃபாக்லாந்து, தெற்கு ஜார்ஜியா தீவுகள், பிறகு அண்டார்டிகத் தீபகற்பம். மற்றது, நியூசிலாந்தின் தென்முனையிலிருந்து ஸ்னேர்ஸ், ஆக்லாந்து, கேம்பெல், மக்குவாரி தீவுகள்.

பறவைகளைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர்களுக்கு நியூசிலாந்து வழி பிடிக்கும். ஸ்னேர்ஸில் இறங்க அனுமதி கிடையாது, ரப்பர்ப் படகிலிருந்தே பார்க்க வேண்டும். கேம்பெல் தீவில் ராயல் ஆல்பட்ராஸ் புல்மேட்டில் உட்கார்ந்து அடைகாக்கும். ராயல் பெங்குவின் குஞ்சு பொரிப்பது உலகத்திலேயே மக்குவாரித் தீவையும் அதை ஒட்டிய சிறு திட்டுகளையும் தவிர வேறெங்கும் இல்லை. அந்தப் பெங்குவின்களைக் கொதிகலனில் போட்டு எண்ணெய் எடுத்த காலமும் உண்டு. துருப்பிடித்த அந்தக் கலன்கள் இன்னும் கரையிலேயே கிடக்கின்றன. ஆனால் முதல் முறையாக, அநேகமாக ஒரே ஒரு முறை போகப்போகிறவருக்கு நான் தெற்கு ஜார்ஜியாவைத்தான் சொல்வேன். அங்கே விமான நிலையம் இல்லை. கப்பல் ஒன்றுதான் வழி. ஃபாக்லாந்திலிருந்து ஏறக்குறைய இரண்டு நாள் ஓட்டம்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடா என்று ஓர் இடம். சுமார் 1,50,000 ஜோடி ராஜ பெங்குவின்கள் அங்கே இருக்கின்றன. கப்பல் நங்கூரம் போடும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். காசிமேட்டில் ஏலம் முடிந்த பிற்பகலில், கழுவாமல் விட்ட ஐஸ் பெட்டியைத் திறந்தால் எப்படி இருக்குமோ அப்படி. முதல் நாள் முகத்தைச் சுளித்த பயணிகள் இரண்டாம் கரையிறக்கத்தில் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு முதல் நாளே ஒன்றும் தோன்றவில்லை, வளர்ந்த இடம் அப்படி. ராஜ பெங்குவின் ஒரு குஞ்சை வளர்த்து அனுப்ப ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதனால் எந்த மாதம் போனாலும் கூட்டத்தில் குஞ்சுகள் இருக்கும். பழுப்புக் கம்பளி உடம்போடு அவை வரிசை வரிசையாக நிற்கும். விதிப்படி நீங்கள் ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்த விதி பெங்குவின்களுக்குத் தெரியாது. நான் பிடித்திருந்த கயிற்றை வந்து கொத்திப் பார்த்துவிட்டு, ருசி இல்லை என்று போன குஞ்சுகள் உண்டு.

டிசம்பர் ஏன் வேண்டாம் என்றால், உரோம சீல்கள் என்ற கடல்நாய்கள். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை ஆண் சீல்கள் கடற்கரையைப் பங்குபோட்டுக்கொண்டு காவல் நிற்கும். துரத்தும், கடிக்கும். நல்ல இடங்கள் பலவற்றில் கால் வைக்கவே முடியாது. ஆல்பட்ராஸ் கூடு கட்டும் பிரியான் தீவை அந்தச் சமயத்தில் மூடியே விடுவார்கள். நவம்பர் முதல் பாதியில் போனால் யானை சீல்களின் சண்டையைப் பார்க்கலாம். பிப்ரவரியில் போனால் உரோம சீல் குட்டிகள் தண்ணீரில் நீந்தப் பழகுவதைப் பார்க்கலாம். பள்ளியில் விடுப்புக் கேட்டு வாங்குங்கள்.

இனி ஆல்பட்ராஸ். உங்கள் அப்பாவுக்காக நான் உண்மையில் சொல்ல வருவது இதைத்தான். கரையில் நிற்கும் நேரத்தை எண்ணிக் காசு கொடுக்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மூன்று வாரப் பயணத்தில் கணிசமான பகுதி கடலில்தான் கழியும். காற்று பலமாக இருந்தால் கரையிறக்கம் ரத்தாகும், கேப்டனிடம் வாதாடிப் பயனில்லை. கடல் நாட்களை வீண் நாட்களாக நினைப்பவர்கள் அறையில் படுத்துப் படம் பார்ப்பார்கள். பின்பக்க டெக்கில் போய் நிற்பவர்களுக்கு வாண்டரிங் ஆல்பட்ராஸ் கிடைக்கும். விரித்த சிறகு மூன்று மீட்டருக்கும் மேல். ஒரு மணி நேரம் கப்பலைத் தொடர்ந்து வரும், சிறகடிப்பதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அலைக்கு மேலே காற்றின் வேகம் உயரத்துக்கு உயரம் மாறும். அந்த வித்தியாசத்தில் ஏறி இறங்கியே அது தூரத்தைக் கடந்துவிடுகிறது. காற்று நின்றுவிட்டால் பாவம், தண்ணீரில் உட்கார்ந்துவிடும்.

இந்தப் பறவை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு முட்டை இடும். தெற்கு ஜார்ஜியாவின் பேர்டு தீவில் 1960களில் இருந்ததில் இப்போது பாதிகூட இல்லை. மீன்பிடித் தூண்டிலில் சிக்கிச் செத்ததே முக்கியக் காரணம். விடுமுறையில் வந்திருந்தபோது இதைக் காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் சொன்னேன். “பறவை எதற்கடா தூண்டிலுக்கு வருகிறது?” என்றார். ஒரே நீளக் கயிற்றில் ஏராளமான கொக்கிகள் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலை விடும்போது இரை கோத்த கொக்கிகள் மூழ்கச் சற்று நேரம் ஆகும். அதற்குள் பறவை இரையைக் கவ்விவிட்டால் கயிறு அதையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும் என்று விளக்கினேன். அவர் யோசிக்காமல் சொன்னார்: “ராத்திரியில் விட வேண்டியதுதானே, கயிற்றில் ஈயத்தைக் கூட்ட வேண்டியதுதானே.” தெற்கு ஜார்ஜியாக் கடலில் சட்டம் போட்டுச் செய்திருப்பதும் அதுதான். இரவில் மட்டும் தூண்டில் விட வேண்டும், கயிற்றுக்கு எடை கட்ட வேண்டும், பறவைகள் முட்டை அடைகாக்கும் கோடையில் மீன்பிடிக்கவே கூடாது. 1990களில் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் செத்த பறவைகள் அந்தக் கடலில் இப்போது அநேகமாகச் சாவதில்லை. ஆனால் ஆல்பட்ராஸ் அங்கேயே இருப்பதில்லையே. இரை தேடிப் பிரேசில், உருகுவே கடல் வரை போகிறது. அங்கே சூரை பிடிக்கும் எல்லாப் படகுகளும் இந்த ஒழுங்கில் இல்லை.

கப்பல்காரர்கள் விளம்பரத்தில் போடாத ஒரு வேலையையும் சொல்கிறேன். தெற்கு ஜார்ஜியாவை நெருங்கினால் இருட்டியதும் டெக் விளக்குகளை அணைத்துவிடுவோம். பயணிகள் அறைத் திரையை இழுத்து மூட வேண்டும். மூடாத ஜன்னல் ஒன்றுக்காக நள்ளிரவில் கதவைத் தட்டியிருக்கிறேன். காரணம், பெட்ரல் வகைச் சிறு பறவைகள். பனிமூட்டத்தில் வெளிச்சத்தைக் கண்டால் வந்து மோதி டெக்கில் விழும். விழுந்தது தானாக எழும்பாது. விடியும் முன் அட்டைப் பெட்டியும் டார்ச்சுமாகச் சுற்றி வந்து, கயிற்றுச் சுருளுக்கு அடியிலும் வின்ச்சுக்குப் பின்னாலும் பதுங்கியிருப்பவற்றை எடுப்போம். டைவிங் பெட்ரல் உள்ளங்கையில் அடங்கும், கால் மட்டும் பளிச்சென்ற நீலம். உணவு, தண்ணீர் எதுவும் கொடுக்கக் கூடாது. இருட்டான உலர்ந்த பெட்டியில் விட்டுவைத்து, சிறகு காய்ந்ததும் விளக்கில்லாத பக்கமாக விட்டுவிட வேண்டும். பறவைக் காய்ச்சல் வந்த பிறகு இதற்கே கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

அந்தக் காய்ச்சல் 2023 அக்டோபரில் பேர்டு தீவில் உறுதியானது. பெங்குவின்கள் பெருமளவுக்குத் தப்பித்தன, யானை சீல்கள் அடிவாங்கின. மூன்று பெரிய கூட்டங்களில் ஈனும் பெண் சீல்கள் 2022க்கும் 2024க்கும் இடையில் 47 சதவீதம் குறைந்துவிட்டதாக ஆய்வு சொல்கிறது. ஆகவே கரையில் உட்காராதே, மண்டியிடாதே, பையைத் தரையில் வைக்காதே என்று உங்களுக்குச் சொல்வார்கள். சில இடங்கள் திடீரென்று மூடப்படலாம். சலித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர், “இப்படிப் போய்ப் போய்த்தானே அந்த இடத்தைக் கெடுக்கிறீர்கள்?” என்று எழுதியிருக்கிறார். நியாயமான சந்தேகம். தெற்கு ஜார்ஜியாவில் எலியை இறக்கியதே சீல் வேட்டைக்கு வந்த கப்பல்கள்தான். தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் அவை இருநூறு வருடமாகத் தின்று தீர்த்தன. 2011 முதல் 2015 வரை ஹெலிகாப்டரிலிருந்து விஷ இரை தூவி, 2018இல் மோப்ப நாய்களை விட்டுத் தேடி, தீவில் எலி இல்லை என்று அறிவித்தார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கு கப்பல் பயணிகள் கொடுத்த நன்கொடை. தீவுக்கே உரிய பிபிட் என்ற சிறு பாட்டுப் பறவை இப்போது எங்கே இறங்கினாலும் காதில் விழுகிறது. திரும்ப எலியோ விதையோ வந்துவிடாமலிருக்கத்தான் அவ்வளவு சோதனை. உங்கள் ஜாக்கெட்டின் வெல்க்ரோவில் ஒட்டிய புல்விதையைக் கப்பலிலேயே இடுக்கியால் எடுக்கச் சொல்வார்கள். தீவின் துறையான கிரிட்விக்கனில் அதிகாரிகள் ஏறி வந்து ஷூவின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

எண்ணெய்தான் எனக்கு நிஜமான பயம். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதியபோது பாறைகளுக்கு இடையில் தேங்கிய கருப்புக் குழம்பை வாளியில் அள்ளியதை நம் பக்கத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எண்ணூர்க் கழிமுகத்தில் கூழைக்கடாக்கள் எண்ணெய் பூசிக்கொண்டு நின்றன. 2011 மார்ச்சில் ‘ஒலிவா’ என்ற சரக்குக் கப்பல் தெற்கு அட்லாண்டிக்கில் டிரிஸ்டன் டா குன்ஹா தீவை அடுத்த நைட்டிங்கேல் தீவில் ஏறி உடைந்தது. ஆயிரக்கணக்கான ராக்ஹாப்பர் பெங்குவின்கள் எண்ணெயில் நனைந்தன. அங்கே வாளி தூக்க ஆள் வருவதற்கே எத்தனை நாள் ஆகும் என்று யோசியுங்கள். கன எரிஎண்ணெய்க்கு அந்த வருடம் ஆகஸ்ட் முதல் 60 டிகிரி தெற்குக்குக் கீழே தடை இருக்கிறது. கம்பெனியிடம் கேட்கும்போது கப்பல் என்ன எரிபொருளில் ஓடுகிறது என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு கம்பெனி பாருங்கள்.

கப்பலின் அளவு: 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் அண்டார்டிகாவில் யாரையும் கரையிறக்கக் கூடாது, ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகள்தான் நிற்கலாம். 100 பேர் கப்பல் என்றால் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம். 200 பேர் கப்பல் என்றால் பாதி நேரம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். 30 லட்சத்தில் இரண்டு பேர் என்பது இறுக்கிப் பிடித்தால் நடக்கும், மூன்று பேர் பங்கிடும் அறையும் எடுக்க வேண்டியிருக்கலாம். மருத்துவ மீட்புக் காப்பீட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். ஜன்னல் இல்லாத கீழ்த்தள அறை மோசமில்லை, ஆட்டம் கீழேதான் குறைவு.

அப்பா விஷயத்தில் வயது தடையில்லை. அவரைவிட மூத்தவர்கள் எத்தனையோ பேரைக் கைபிடித்து இறக்கியிருக்கிறேன். விரலைப் பிடிக்க மாட்டோம். முன்கையை முன்கையால் பற்றுவோம், அப்போதுதான் நனைந்த கை வழுக்காது. படகு ஏறி இறங்கும், மேலே வரும் கணத்தில் கால் வைக்க வேண்டும். கரையில் முழங்கால் வரை குளிர்ந்த தண்ணீர், உருண்டைக் கல். அதனால் இதயத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்பதோடு முழங்காலைப் பற்றியும் கேளுங்கள். அதற்கும் முன்னால் ஒரு நாள், வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் அவரை இறங்கச் சொல்லிப் பாருங்கள். இறங்கிவிட்டார் என்றால் நவம்பருக்கு இடம் தேட ஆரம்பிக்கலாம்.