மறைந்த மங்கு ஏன் திரும்பி வருகிறது? – தோல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் மங்கு (மெலாஸ்மா என்னும் கரும்திட்டு) படர்ந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, மருந்துக் கடையில் ஒரு கிரீம் வாங்கிப் பூசினேன். சில வாரங்களிலேயே முகம் பளிச்சென்று ஆனதால் ஓராண்டுக்கு மேல் பூசி வந்தேன். நிறுத்தியதும் முன்பைவிடக் கருமையாகத் திரும்பிவிட்டது. வெயிலில் போனால் முகம் சிவந்து எரிகிறது. மறுபடியும் அதையே பூசலாமா?

பதில்: வேண்டாம். அந்த டியூபின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். ஹைட்ரோகுவினோன் (நிறமி உற்பத்தியை அடக்கும் மருந்து), டிரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகை மருந்து) ஆகிய இரண்டுடன் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஒரு பெயரும் இருந்தால், நீங்கள் பூசியது ஸ்டீராய்டு கலந்த மருந்து. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

இந்த மூன்று மருந்துகளின் கூட்டு தன்னளவில் தவறானதன்று. 1975-இல் ஆல்பர்ட் கிளிக்மன், ஐசக் வில்லிஸ் என்னும் இரு தோல் மருத்துவர்கள் வெளியிட்ட சூத்திரத்திலிருந்து வளர்ந்த முறை அது. அதன் மிதமான வடிவத்தை, அதாவது 4 சதவீத ஹைட்ரோகுவினோன், 0.05 சதவீத டிரெட்டினாயின், 0.01 சதவீத ஃபுளுவோசினோலோன் என்னும் ஸ்டீராய்டு ஆகியவை சேர்ந்த கிரீமை, நாங்கள் இன்றும் எழுதித் தருகிறோம். ஆனால் அதை இரவில் மட்டும், கரும்திட்டுகளின் மேல் மட்டும், பொதுவாக 8 முதல் 12 வாரங்கள் வரை மட்டுமே பூசச் சொல்வோம். வீரியம் மிகுந்த ஸ்டீராய்டை முகப்பூச்சுபோல மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நுண்ணிய இரத்த நாளங்கள் வெளியே தெரியத் தொடங்கும்; பருக்களும் மெல்லிய முடிகளும் தோன்றும்; நிறுத்திய சில நாட்களில் முகம் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் மீண்டும் அதையே பூசத் தோன்றுவதுதான் இதில் உள்ள பொறி. ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசுவோரில் சிலருக்குத் தோலில் நீலங்கலந்த கருமை படிவதும் உண்டு. அது மங்கைவிடப் பிடிவாதமானது.

மங்கு திரும்பி வந்ததற்குக் காரணம் வேறு. கிரீம்கள் நிறமி உற்பத்தியை அடக்குகின்றனவே தவிர, பரம்பரையும் கர்ப்பகால ஹார்மோன்களும் ஒளியும் சேர்ந்து தூண்டிவிட்ட நிறமிச் செல்களின் இயல்பை அவை மாற்றுவதில்லை. ஆகவே மங்கைக் கட்டுக்குள் வைக்கலாம்; ஒரேயடியாக ஒழித்துவிடலாம் என்று யாராவது உறுதி கூறினால் நம்ப வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது, அந்த டியூபுடன் தோல் மருத்துவரைப் பார்ப்பது. வீரியமான ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். முகம் ஆறும்வரை மிதமான மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் போதும். எரிச்சல் அடங்கிய பின், அசெலாயிக் அமிலம் போன்ற ஸ்டீராய்டு இல்லாத மருந்துகளைத் தொடங்கலாம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். நிறமி தோலின் மேலடுக்கில் இருந்தால் எளிதில் வெளிறும், ஆழத்தில் இருந்தால் தாமதமாகும். உட்ஸ் விளக்கின் புறஊதா ஒளியில் பார்த்தால் இதை ஓரளவு கணிக்க முடியும்.

கேள்வி: நான் நாள் முழுவதும் அலுவலகத்துக்குள் ஜன்னலோரம் வேலை செய்பவள். வெயிலே படாத எனக்கு எதற்கு சன்ஸ்கிரீன்?

பதில்: ஜன்னல் கண்ணாடி, தோலைச் சிவக்க வைக்கும் யுவிபி என்னும் புறஊதாக் கதிர்களைத்தான் தடுக்கிறது, யுவிஏ என்னும் மற்றொரு வகைப் புறஊதாக் கதிர்களில் பெரும்பகுதியும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதன் வழியே உள்ளே வந்துவிடுகின்றன. மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் மங்கைக் கூட்டுவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் கணிசமான பங்கு உண்டு. சாதாரண சன்ஸ்கிரீன்கள் பெரும்பாலும் இந்த ஒளியைத் தடுப்பதில்லை என்பதால், அயர்ன் ஆக்சைடு சேர்த்து நிறமூட்டிய, எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30-க்குக் குறையாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பலர் இதில் கால்பங்குகூடப் பூசாமல் மருந்தைக் குறை சொல்கிறார்கள். வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். இருக்கையை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட முடிந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பிணி நான். நெற்றியிலும் மேலுதட்டின் மேலும் கருமை படர்கிறது. எலுமிச்சைச் சாறு தடவலாமா, வெண்மையாக்கும் கிரீம் பூசலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் கிளம்பி, ஆறிய பின் புதிய கருமையையே விட்டுச் செல்லும். தயாரித்தவர் யார் என்று தெரியாத வெண்மையாக்கும் கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கக்கூடும். அது தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் கருவில் இருக்கும் குழந்தையையும் பாதிக்கும். டிரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன் ஆகியவற்றையும் இப்போது தவிர்க்க வேண்டும். சன்ஸ்கிரீனும் அகன்ற விளிம்புத் தொப்பியும் போதும். தேவைப்பட்டால் உங்கள் மகப்பேறு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அசெலாயிக் அமிலம் பூசலாம். பலருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் இது தானாகவே வெளிறிவிடுகிறது.

கேள்வி: மங்குக்கு மாத்திரை இருக்கிறதாமே?

பதில்: டிரானெக்ஸாமிக் அமிலத்தைச் சொல்கிறீர்கள். இரத்தப்போக்கை நிறுத்துவதற்கான மருந்து அது. அதற்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவில், பெரும்பாலும் 250 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை, சில மாதங்களுக்கு மங்குக்கும் கொடுக்கிறோம். பலன் உண்டு. ஆனால் இரத்த உறைவோ பக்கவாதமோ வந்தவர்களும், ஹார்மோன் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் இதைத் தொடக் கூடாது. தானாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரை அல்ல இது.

கேள்வி: லேசர் செய்துகொள்ளலாமா?

பதில்: முதல் சிகிச்சையாக வேண்டாம். வெப்பத்தாலும் வீக்கத்தாலும் கருநிறத் தோலில் கருமை கூடிவிடும் அபாயம் உண்டு.

கேள்வி: 29 வயது ஆண். கழுத்தின் பின்புறம் கறுத்து, தடித்து, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. இதுவும் மங்குதானா?

பதில்: மங்கு முகத்தில்தான் பெரும்பாலும் வரும், அதில் தோல் தடிப்பதும் இல்லை. தடவிப் பார்த்தால் வெல்வெட் துணிபோல இருக்கிறதா? அக்குளிலும் அப்படியே இருக்கிறதா? இருந்தால் இது அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் ஆக இருக்கலாம். உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலின் சுரந்தும் உடலில் சரிவர வேலை செய்யாத நிலை) இதற்குப் பொதுவான காரணங்கள். தேய்ப்பதை நிறுத்துங்கள், தேய்த்தால் மேலும் கறுக்கும். கிரீம் வாங்குவதற்கு முன், வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரையும், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-யும் பரிசோதித்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.